எல்லையைக் கடக்கும் ரயில்கள் ஏன் இவ்வளவு குறைவு?

கேள்வி இது: அண்டை நாடுகள் இரண்டின் தண்டவாளங்கள் எல்லையில் இணைந்தே கிடக்கின்றன. அப்படியிருந்தும் ஒரு நாட்டின் பெருநகரிலிருந்து மற்றதன் பெருநகருக்கு நேரடியாகப் போகும் பயணிகள் ரயில்கள் ஏன் அரிதாக இருக்கின்றன? இருப்பவையும் எல்லையில் ஏன் மணிக்கணக்கில் நிற்கின்றன? ஆரவாரமாகத் தொடங்கப்பட்ட சேவைகள் ஏன் சில ஆண்டுகளில் நின்றுபோகின்றன?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் சோதனை எந்த இடத்தில் நடக்கிறது, அந்த ரயிலுக்குப் பொறுப்பாளி யார் என்ற இரண்டும்தான் ஒரு பன்னாட்டு ரயிலின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பாதை அகலம் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரம்), மின்சாரம், சிக்னல் எல்லாம் அதற்கு அடுத்த படிதான். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாக எண்ணுகிறார்கள். ஆகவே பொறியியலில் தொடங்கி, அதன் எல்லை எதுவரை என்று காட்டிவிட்டு மேலே போகிறேன்.

உலகின் பெரும்பகுதி ரயில் பாதைகள் 1435 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. ரஷ்யாவிலும் பழைய சோவியத் நாடுகளிலும் அது 1520. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பழைய பாதைகள் 1668. இந்தியா, பாகிஸ்தான் அகலப்பாதை 1676. தென்கிழக்கு ஆசியாவில் பெரும்பாலும் ஒரு மீட்டர். இரண்டு அகலங்கள் சந்திக்கும் இடத்தில் ரயில் அப்படியே மேலே போக முடியாது. போலந்திலிருந்து பெலாரஸுக்குள் நுழையும் ப்ரெஸ்ட், மங்கோலியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலுள்ள எரென்ஹோட் போன்ற இடங்களில் இதற்கென்றே கொட்டகைகள் இருக்கின்றன. பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பயணிகள் உள்ளே இருக்கும்போதே ஜாக்கிகளால் தூக்கி, கீழிருக்கும் சக்கரத் தொகுதியை உருட்டி வெளியே எடுத்து, வேறு அகலத்தில் அமைந்த தொகுதியை அடியில் செலுத்தி, பெட்டியை அதன்மேல் இறக்குவார்கள். முழு ரயிலுக்கும் செய்து முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும்.

இதற்கு மாற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஸ்பெயின் நாட்டு டால்கோ நிறுவனம், சக்கரங்கள் தாமாகவே நெருங்கவும் விலகவும் கூடிய பெட்டிகளை உருவாக்கியது. ரயில் ஒரு சிறிய கூடத்தின் வழியாக மெதுவாக ஊர்ந்து செல்லும்போதே சக்கரங்களின் இடைவெளி மாறிவிடும். 1969 முதல் பார்சிலோனாவிலிருந்து ஜெனீவாவுக்கு இப்படி ஒரு ரயில் ஓடியது. 2016 டிசம்பரில் மாஸ்கோ–பெர்லின் இடையே விடப்பட்ட ஸ்ட்ரிஷ் ரயிலும் இதே நுட்பத்தில் ப்ரெஸ்டில் நிற்கும் நேரத்தை வெகுவாகக் குறைத்தது. வியட்நாமில் வேறொரு வழியைத் தேர்ந்தார்கள். சீன எல்லையிலுள்ள தோங் தாங்கிலிருந்து ஹனோய் நகரின் கியா லாம் நிலையம் வரை மூன்றாவதாக ஒரு தண்டவாளத்தைப் போட்டு, மீட்டர் ரயிலும் 1435 ரயிலும் ஒரே பாதையில் போகும்படி செய்தார்கள். அதனால் சீனப் பெட்டிகள் சக்கரம் மாற்றாமலே ஹனோய்க்கு வர முடிகிறது.

அதாவது, பாதை அகலம் தாமதத்தைத் தரும், சேவையைக் கொல்லாது. இதற்கு எதிர்ப்பக்கத்துச் சான்று இன்னும் வலுவானது. மாட்ரிட்டும் லிஸ்பனும் அண்டை நாடுகளின் தலைநகரங்கள். நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர். இரு பக்கமும் ஒரே அகலப் பாதை. எல்லையில் சோதனையும் கிடையாது. இவற்றை இணைத்த இரவு ரயில் லூசிடானியா 1943 முதல் ஓடியது, 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தப்பட்டது, திரும்ப வரவேயில்லை. அதன்பின் அந்தப் பயணத்தை ரயிலில் செய்ய விரும்பியவர்கள் வழியில் ரயில் மாறி மாறிப் பகல் முழுதும் செலவிட வேண்டியதாயிற்று. தடையாக எந்தப் பொறியியலும் நிற்காத ஒரு வழித்தடத்தின் கதை இது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மின்சாரத்தையும் சிக்னலையும் விரைவாகக் கடந்துவிடலாம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, சுவீடன் 15 கிலோவோல்ட் மின்சாரத்திலும், டென்மார்க் 25 கிலோவோல்ட்டிலும், போலந்து, இத்தாலி, பெல்ஜியம் பெரும்பாலும் 3 கிலோவோல்ட் நேர்மின்சாரத்திலும் ரயில்களை ஓட்டுகின்றன. பல மின்னழுத்தங்களில் ஓடும் என்ஜின்கள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. கிடைக்காத இடத்தில் எல்லையில் என்ஜினை மாற்றிக்கொள்வது அரை மணி நேர வேலை. சிக்னல் முறைகள் இதைவிடத் தொல்லை தருபவை. ஒவ்வொரு நாட்டின் பாதுகாப்புக் கருவியையும் என்ஜினில் பொருத்தி, ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குப் பணமும் ஆண்டுகளும் ஆகும். டிரைவருக்கு அடுத்த நாட்டின் விதிகளும் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். இவையெல்லாம் தீர்வு உள்ள சிக்கல்கள்.

இப்போது எல்லைச் சோதனைக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உலகெங்கும் நான்கு முறைகள் இருக்கின்றன. எல்லையில் ரயிலை நிறுத்தி எல்லோரையும் மூட்டை முடிச்சுகளோடு இறக்கிச் சோதிப்பது ஒன்று. ரயிலை நிறுத்தி வைத்து அதிகாரிகள் பெட்டிக்குள் ஏறி வருவது இன்னொன்று. ஓடும் ரயிலிலேயே சோதித்துவிடுவது மூன்றாவது. ஏறும் நிலையத்திலோ இறங்கும் நிலையத்திலோ எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு எல்லையில் நிற்காமலே கடப்பது நான்காவது. எந்த முறையைத் தேர்கிறார்கள் என்பதிலேயே அந்த ரயிலின் தலையெழுத்து பாதி முடிவாகிவிடுகிறது.

முதல் முறையின் விலை வெளியே தெரிவதைவிட அதிகம். ஒரு பக்கத்தில் வெளியேறும் சோதனை, மறுபக்கத்தில் நுழையும் சோதனை, இரண்டிலும் சுங்கம் என்று வைத்துக்கொண்டால் எளிதில் மூன்று நான்கு மணி நேரம் போய்விடும். பயணிக்கு அது அலுப்பு. ரயில்வேக்கு அது ஒரு ரேக், அதாவது கோத்து வைத்த ஒரு முழுப் பெட்டித் தொடர். எட்டு மணி நேரத்தில் முடியும் பயணம் என்றால் காலையில் புறப்பட்ட ரயிலைச் சுத்தம் செய்து அன்றிரவே திருப்பி அனுப்பலாம். அதே பயணம் பன்னிரண்டு மணி நேரமானால் திருப்ப முடியாது. அதே சேவைக்கு இரண்டாவது ரேக் வேண்டும். மேலும், எல்லையில் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தாமதமாக வெளியே வரும் ரயில் உள்நாட்டு ரயில்களின் நெரிசலில் தனக்குரிய இடத்தை இழக்கிறது, ஒதுக்கி நிறுத்தப்படுகிறது. அதைத் தவிர்க்க அட்டவணையிலேயே கூடுதல் நேரத்தைச் சேர்க்கிறார்கள். அந்தக் கூடுதல் நேரம் நிரந்தரமாகிவிடுகிறது. பஸ் முந்துகிறது. ரயில் காலியாகிறது. காலியான ரயிலைக் காட்டி, ஆளில்லை என்று நிறுத்துகிறார்கள்.

மைத்ரீ எக்ஸ்பிரஸ் இதற்கு நல்ல பாடம். 1965 இந்திய–பாகிஸ்தான் போரோடு நின்றுபோன ரயில் தொடர்புக்குப் பிறகு, 2008 ஏப்ரல் 14 அன்று கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் இடையே அது தொடங்கியது. தூரம் சுமார் 375 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தியப் பக்கத்தில் கேதேயிலும் வங்கதேசப் பக்கத்தில் தர்ஷனாவிலும் எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2017 நவம்பரில் சோதனைகளை இரு முனைகளுக்கும், அதாவது கொல்கத்தா நிலையத்துக்கும் டாக்கா கன்டோன்மென்ட் நிலையத்துக்கும் மாற்றினார்கள். ஒரு மீட்டர் புதுப் பாதை போடாமல் பயண நேரம் சில மணி நேரம் குறைந்தது. அதே மாதம் கொல்கத்தா–குல்னா பந்தன் எக்ஸ்பிரஸும், 2022 ஜூனில் நியூ ஜல்பைகுரி–டாக்கா மிதாலி எக்ஸ்பிரஸும் சேர்ந்துகொண்டன.

லண்டனைப் பாரிஸோடும் பிரஸ்ஸல்ஸோடும் இணைக்கும் யூரோஸ்டார் 1994 நவம்பரில் தொடங்கியபின் வளர்த்தெடுத்ததும் இந்த முனைச் சோதனை முறையைத்தான். லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு அதிகாரிகள் உட்கார்ந்து நுழைவுச் சோதனையை முடிக்கிறார்கள். பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் பிரிட்டிஷ் அதிகாரிகள். ரயில் கடலடிச் சுரங்கத்தை நிற்காமல் கடக்கிறது. இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை என்று தோன்றும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு, அது பெரும்பாலான விளக்கங்களில் விடுபட்டுப்போகிறது. சோதனை முடிந்த பயணியும் முடியாதவரும் கலக்கக் கூடாது. ஆகவே நிலையத்தில் பூட்டிய நடைமேடை, காத்திருப்புக் கூடம், ஸ்கேனர்கள், வேற்று நாட்டு அதிகாரிகளுக்கு அறைகள் எல்லாம் வேண்டும். வழியில் உள்நாட்டுப் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. சாதாரண நீண்டதூர ரயில் வழியிலுள்ள பத்து ஊர்களில் ஆட்களை ஏற்றி இறக்கித்தான் இருக்கைகளை நிரப்புகிறது; சீல் வைத்த ரயிலுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு முனைகளிலுமே ஒரு ரயில் நிறையக் கூட்டம் வேண்டும். லண்டனிலிருந்து ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நகரங்களுக்கு இத்தனை ஆண்டுகளாக நேரடி ரயில் இல்லாததற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ஆம்ஸ்டர்டாமுக்கு 2018 ஏப்ரலில் ரயில் தொடங்கியபோது போகும் பயணம் மட்டுமே நேரடி. திரும்பி வருபவர்கள் பிரஸ்ஸல்ஸில் இறங்கிச் சோதனை முடித்து வேறு ரயில் ஏற வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில்தான் அது சரியானது. 2024 ஜூனில் ஆம்ஸ்டர்டாம் நிலையச் சீரமைப்பால் அந்தச் சோதனைக் கூடத்துக்கு இடமில்லாமல் போகவே, 2025 பிப்ரவரி வரை நேரடித் திரும்பு பயணம் மறுபடி நின்றது. தண்டவாளமும் ரயிலும் ஆயத்தமாகவே இருந்தன. இல்லாதது ஒரு கூடம்.

அதிகாரிகள் பெட்டிக்குள் ஏறும் முறையை நியூயார்க்–மொன்ட்ரியால் அடிரான்டக் ரயிலில் காணலாம்; எல்லையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும். சீனாவின் குன்மிங்கிலிருந்து லாவோஸின் வியன்டியனுக்குப் போகும் ரயில், 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட 1035 கிலோமீட்டர் புதுப் பாதையில், 2023 ஏப்ரல் முதல் பயணிகளை எல்லை தாண்டிக் கொண்டுபோகிறது. முழுப் பயணத்தைப் பத்தரை மணி நேரமாக அமைத்தார்கள். அவ்வளவு நவீனமான பாதையிலும், எல்லை நிலையங்களான மோஹானிலும் போத்தனிலும் பயணிகள் பெட்டி படுக்கையோடு இறங்கித்தான் ஏற வேண்டும். மலேசியா–தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாரில் ஒரே கட்டடத்தில் இரு நாட்டு மேசைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய ஏற்பாடுதான், ஆனால் இன்றும் பல புதிய எல்லை நிலையங்களைவிட அறிவுபூர்வமானது. ஓர் ஓரக்குறிப்பு: 1998 முதல் 2011 வரை சிங்கப்பூர் தன் சோதனையை எல்லையோரத்து உட்லண்ட்ஸுக்கு மாற்றிவிட, மலேசியா மட்டும் சிங்கப்பூர் நகருக்குள் இருந்த தஞ்சோங் பகார் நிலையத்திலேயே தொடர்ந்தது. வடக்கே போகும் பயணி சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்பே மலேசியாவுக்குள் நுழைந்தவராகக் கணக்கில் வந்தார்.

சோதனை இல்லாத எல்லையில் சோதனை திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க்–சுவீடன் சாட்சி. 2000 ஜூலையில் திறந்த ஓரசுண்ட் பாலத்தில் இரு நாட்டு மின்சாரத்திலும் ஓடும் ரயில்கள் ஓயாமல் போய் வந்தன. டென்மார்க்கில் ரயில்கள் வலப்பாதையிலும் சுவீடனில் இடப்பாதையிலும் ஓடும்; அதையும் சமாளித்தார்கள். 2016 ஜனவரி முதல் 2017 மே வரை சுவீடன் அடையாளச் சோதனையைக் கட்டாயமாக்கியபோது, கோபன்ஹேகன் விமான நிலைய நடைமேடையில் எல்லோரும் இறங்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அன்றாடம் வேலைக்குப் போய்வந்தவர்களின் வாழ்க்கையே குலைந்தது.

மூன்றாவது முறையான ஓடும் ரயில் சோதனைக்கு, நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஆலெக்ரோ. 2010 டிசம்பரில் ஹெல்சிங்கிக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே தொடங்கியது. பின்லாந்தின் பாதை 1524, ரஷ்யாவுடையது 1520; நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சக்கரம் பொருட்படுத்தவில்லை. இரு மின்சாரத்திலும் ஓடும் ரயில்களை வாங்கினார்கள். இரு நாட்டு அதிகாரிகளும் பயணத்தின்போதே பெட்டி பெட்டியாக வந்து முத்திரையிட்டார்கள். முன்பு ஐந்தரை மணி நேரம் பிடித்த பயணம் மூன்றரை மணி நேரமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரயில்களை வாங்கி வைத்திருக்க இரு நாட்டு ரயில்வேக்களும் சரிபாதிப் பங்கில் தனி நிறுவனமே தொடங்கின. செய்ய வேண்டிய அனைத்தையும் சரியாகச் செய்த சேவை அது. உக்ரைன் போர் தொடங்கி ஒரு மாதத்தில், 2022 மார்ச் 27 அன்று நின்றது. இந்த ஒரு ரயிலை நினைத்து நான் வருந்துவதுபோல் வேறெதற்கும் வருந்தியதில்லை. போரின் பொறுப்பு போரைத் தொடங்கியவர்களுடையது. ஆனால் எப்படிச் செய்யலாம் என்று கேட்பவர்களுக்குக் காட்ட நம்மிடம் இருந்த நல்ல மாதிரி அது.

அரசியல் நிறுத்தும் ரயில்கள் தெற்காசியாவில் அதிகம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே 1976 ஜூலையில் தொடங்கிய சம்ஜௌதா எக்ஸ்பிரஸ் பலமுறை நின்று நின்று ஓடியது. 2001 டிசம்பர் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் நின்றது. 2004 ஜனவரியில் திரும்பியது. 2007 பிப்ரவரியில் பானிபட் அருகே அதில் நடந்த குண்டுவெடிப்பில் 68 பேர் மாண்டார்கள். அப்போதும் ரயில் தொடர்ந்தது. 2019 ஆகஸ்டில் நின்றதோடு சரி. 2006இல் நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் முனாபாவ்–கோக்ராபார் வழியாக மீண்ட தார் எக்ஸ்பிரஸும் அதே மாதம் நின்றது. வங்கதேசத்துடனான மூன்று ரயில்களும் 2024 ஜூலை கலவரத்தின்போது நிறுத்தப்பட்டன. இவற்றில் பயணித்தவர்களில் பெரும்பாலோர் மறுபக்கத்தில் உறவினர் உள்ளவர்கள், சிகிச்சைக்குப் போகிறவர்கள். விமானக் கட்டணம் கொடுக்க இயலாதவர்கள். ஒரு ரயிலை நிறுத்துவது அரசுக்கு எளிதான சைகை. இழப்பவர்களுக்குக் குரல் இல்லை. இதை ஒரு கருத்தாகவே பதிவு செய்கிறேன்.

மாட்ரிட்–லிஸ்பன் ஏன் மீளவில்லை என்ற கேள்விக்கு வருவோம். யாருக்கும் அது சொந்தமில்லை என்பதுதான் பதில். எந்த நாட்டு ரயில்வேயும் தன் அரசிடமிருந்து உள்நாட்டுச் சேவைக்கே பணம் பெறுகிறது. எல்லை தாண்டும் ரயிலின் நஷ்டத்தை யார் ஏற்பது என்று வரும்போது ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்கிறார்கள். படுக்கைப் பெட்டிகள் பழசாகும்போது புதிதாக வாங்க யாரும் முன்வருவதில்லை. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் மட்டும் விதிவிலக்காக, ஜெர்மனி கைவிட்ட இரவு ரயில்களை 2016 டிசம்பரில் எடுத்து நடத்தி, இந்த வகை இன்னும் உயிரோடு இருப்பதை நிரூபித்தது. அதற்கும் எல்லை உண்டு: பாரிஸிலிருந்து வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் ஓடிய அதன் ரயில்கள், பிரெஞ்சு அரசு மானியத்தை விலக்கியதால் 2025 டிசம்பரில் நின்றன. வாரம் மூன்று முறை மட்டுமே ஓடும் ரயிலுக்கு ஆட்களும் பெட்டிகளும் மற்ற நாட்களில் சும்மா இருக்கும். அந்தச் செலவு குறையாது.

சொந்தம் கொண்டாட ஓர் அமைப்பு இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1970களில் சீன உதவியுடன் கட்டப்பட்ட டசாரா, தான்சானியாவின் டார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் நியூ கபிரி ம்போஷி வரை 1860 கிலோமீட்டர் போகிறது. இரு அரசுகளும் கூட்டாக வைத்திருக்கும் ஒரே அமைப்பு. பாதை, என்ஜின், பெட்டி எல்லாம் அதனுடையவை. ஆனால் பராமரிப்புக்கு இரு அரசுகளும் பணம் போடாததால் பாதையும் என்ஜின்களும் சீர்கெட்டு, ரயில்கள் நாள் கணக்கில் தாமதமாகும் நிலை வந்தது.

இனி மாறுமா? சில இடங்களில் மாறிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலை முதல் பாங்காக் ரயில் மேகோங் ஆற்றைக் கடந்து வியன்டியனின் கம்சவாத் நிலையம் வரை போகிறது. கொரோனாவில் நின்ற ஹனோய்–நான்னிங் ரயில் 2025 மே மாதம் திரும்பியது. பால்டிக் நாடுகள் தங்கள் 1520 பாதையோடு கூடுதலாக 1435 பாதையைப் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கின்றன; அது முடியும்வரை வில்னியஸ்–வார்சா பயணிகள் மொக்காவா நிலையத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு ரயில்களுக்கு இடையே நடந்து மாறுகிறார்கள். நேரடி ரயிலுக்காகக் காத்திருக்காமல் அட்டவணையை மட்டும் பொருத்திவைத்த இந்த எளிய ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். ஜோகூர் பாரு–சிங்கப்பூர் இடையே கட்டப்படும் புதிய ரயில் தொடர்பில், புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும். எங்காவது ஒரு புதிய பன்னாட்டு ரயில் அறிவிக்கப்பட்டால் வேகத்தைப் பார்க்காதீர்கள். சோதனை எங்கே என்று கேளுங்கள், நஷ்டத்தை எழுத்துப்பூர்வமாக ஏற்றவர் யார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால் அந்த ரயில் நிலைக்கும்.

இப்படிப்பட்ட பயணத்தை நீங்களே திட்டமிடுவதானால் சில விஷயங்கள். விசாவில் எந்த எல்லை வழியாக நுழையலாம் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விமான நிலையங்களுக்கு மட்டும் செல்லும் மின்விசாக்கள் பல நாடுகளில் உண்டு, ரயில் எல்லையில் அவற்றை ஏற்க மாட்டார்கள். இடையில் ஒரு மூன்றாம் நாடு வந்தால், இறங்காவிட்டாலும் அதன் இடைவழி விசா தேவைப்படலாம். மாஸ்கோ–பெர்லின் ரயில் ஓடிய காலத்தில் பெலாரஸ் விசா இல்லாமல் ஏறி ப்ரெஸ்டில் இறக்கிவிடப்பட்டவர்கள் ஏராளம். எல்லா ரயிலுக்கும் டிக்கெட்டை இணையத்தில் எதிர்பார்க்காதீர்கள். மைத்ரீக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டி, குறிப்பிட்ட கவுன்டரில்தான் வாங்க முடிந்தது. அட்டவணையில் இருப்பது எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். ரஷ்ய ரயில்வே 2018 ஆகஸ்ட் வரை ஏழு மணி நேர வித்தியாசமுள்ள விளாடிவோஸ்டாக்கிலும் மாஸ்கோ நேரத்தையே அச்சிட்டது. எல்லை நிலையத்தில் ரயில் நிற்கும் நேரம் முழுவதும் பழைய பெட்டிகளின் கழிப்பறைகள் பூட்டப்பட்டிருக்கும், அதற்கு முன்பே போய்வந்துவிடுங்கள். அடுத்த ரயிலையோ விமானத்தையோ அதே நாளில் முன்பதிவு செய்யாதீர்கள்.